சுண்டு விரல் வளையாத மகாராஜா

“இதை வெட்டித் தர முடியுமா?” என்றுதான் அந்த அம்மாள் முதலில் கேட்டார். கேட்டுவிட்டு, தகாததைச் சொல்லிவிட்டவர்போலப் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அன்று காலையிலிருந்தே மழை. படத்தைக் கொண்டுவந்த இரண்டு ஆட்களும் அதில் சுற்றியிருந்த கம்பளிகளை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார்கள். முன்கதவில் நுழையாததால் பின்பக்கத்து ஷட்டரைத் தூக்கி உள்ளே எடுத்து வந்திருந்தோம். சுவரில் சாய்த்து வைத்ததும் எங்கள் பட்டறையே சின்னதாகிவிட்டது. ஆளுயரத்துக்கு ஒரு மகாராஜா நின்றுகொண்டிருந்தார். ரோஜா நிறத் தலைப்பாகை, அதில் ஒரு பச்சைக்கல், கழுத்திலிருந்து மார்பு வரை அடுக்கடுக்காக முத்து, முழங்கால் வரை இறங்கிய சரிகை அங்கி. வலது கை ஒரு மேசையின்மேல். இடது கை இடுப்பில் தொங்கிய வாளின் பிடியில்.

ஆக்லாந்தின் ஒனஹங்கா பகுதியில் இருந்த அந்தக் கடையில் படங்களுக்குச் சட்டம் போடுவது என் வேலை. திருச்சியில் ஓவியம் படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் விசாவில் நியூசிலாந்து வந்து, இரண்டு வருடம் சூப்பர் மார்க்கெட்டில் நின்று, கடைசியில் படித்த படிப்புக்குப் பக்கத்து வீடு போன்ற இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். ரக்பி சட்டை, பட்டமளிப்புச் சான்றிதழ், நாயின் புகைப்படம், இறந்துபோன தாத்தாவின் பதக்கம் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டிருக்கிறேன். ஒரு படத்தை வெட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அந்த அம்மாளுக்கு எண்பத்தைந்து வயதிருக்கும். ஹில்ஸ்பரோவில் உயரமான கூரை கொண்ட பழைய வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அதை விற்றுவிட்டு அதே பகுதியில் முதியோர் குடியிருப்பு ஒன்றுக்குப் போகிறார். அங்கே கூரை தாழ்வு. அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்த்தாராம். வரைந்தவர் பெயர் தெரியாத படத்தை அவர்கள் வாங்கிக்கொள்வதில்லையாம். பிள்ளைகளுக்கு வேண்டாம். “எனக்கு முகம் போதும். எண்பது வருடமாகக் காலையில் எழுந்ததும் பார்க்கிற முகம். தலையும் தோளும் மட்டும் எடுத்துச் சின்னதாகச் சட்டம் போட்டுக் கொடுங்கள்” என்றார். அவருடைய அப்பா அந்த மகாராஜாவின் சமஸ்தானத்தில் டாக்டராக இருந்தவராம். விடைபெற்றபோது கிடைத்த பரிசு இது.

நான் குனிந்து சட்டத்தின் அடியில் இருந்த பித்தளைத் தகட்டைத் துடைத்துப் படித்தேன். சமஸ்தானத்தின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டேன். அது என் கணவரின் ஊர். நான் வாழ்க்கைப்பட்ட ஊர்.

மதிப்பீடு செய்து வியாழக்கிழமை சொல்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டு, போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். மாமாவுக்குக் காட்டத்தான்.

மாமா என்றால் என் மாமனார். அத்தை போன பிறகு எங்களோடு ஏவன்டேல் வாடகை வீட்டில் வந்து இருந்தார். அப்போது அவருக்கு எழுபத்தேழு. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் வரப்புச் சண்டைக்காரர்களுக்கு நடுவில் அளவுச் சங்கிலி பிடித்தவருக்கு வாய்ப்பேச்சின்மேல் நம்பிக்கையே கிடையாது. யார் எதைச் சொன்னாலும், “கல்லு இருக்கா?” என்பார். எல்லைக் கல் இருந்தால் பேசு, இல்லாவிட்டால் வாயை மூடு என்று பொருள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கீரை விற்கிற பெண், “இன்னிக்குப் பறிச்சது” என்றால்கூடத் தண்டை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். பிறந்த ஊரைப் பற்றிப் பெருமை பேசி நான் கேட்டதில்லை. அரண்மனை இருந்ததாமே என்று ஒருமுறை கேட்டதற்கு, “இப்ப கலெக்டர் ஆபீஸ்” என்றதோடு முடித்துக்கொண்டார்.

அன்று மாலை அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். “மாமா, உங்க ஊர் ராஜா எங்க கடைக்கு வந்திருக்கார்” என்று போனை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முகத்தைப் பார்த்து, “ஆமா, அவர்தான். பள்ளிக்கூடத்துல இவர் படம் இருந்துச்சு” என்றார். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தைவிட்டுக் கீழே நகர்ந்தார். வாளின் பிடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போனின் வெளிச்சம் அணைந்தது, தட்டி எழுப்பினார். நான் சமையலறைக்குப் போய்ச் சாதம் வைத்துவிட்டு வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்லம்மா.” போனைத் திருப்பிக் கொடுத்தார். பட்டாணியை உரிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “நானும் வரேன்” என்றார்.

கடையில் படத்தின் முன் போய் நின்றவர், முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இடது கையருகே குனிந்தார். வாள்பிடியை நாலு விரல்கள் சுற்றியிருந்தன. சுண்டு விரல் மட்டும் மடங்காமல், நடுக்கணுவில் லேசாகக் கோணி, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. மாமா தன் இடது கையை அதன் பக்கத்தில், படாமல், பிடித்தார். அவருடைய சுண்டு விரல் நேராகத்தான் இருந்தது.

“கல்லு இருக்கும்மா” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எங்கள் முதலாளி மலேசியத் தமிழர், நல்ல மனிதர். “அங்கிள், தே குடிக்கிறீங்களா?” என்று கேட்டு, தானே தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். தேநீர் ஆறுகிறவரை மாமா சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் அப்பா அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். நல்ல உயரம். மகாராஜாவோ குள்ளம். பட்டணத்திலிருந்து ஒரு ஓவியரை வரவழைத்து ஆளுயரப் படங்கள் வரையச் சொல்லியிருக்கிறார்கள்: தர்பாருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, வேண்டியவர்களுக்குக் கொடுக்க இன்னும் சில. மகாராஜாவுக்கு நிற்கப் பொறுமையில்லை. இரண்டு நாள் காலையில் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்துவிட்டு வேட்டைக்குப் போய்விட்டார். உடம்புக்கு ஆள் வேண்டும். படத்தில் ராஜா ராஜாவாகத் தெரிய வேண்டும். லாயத்திலிருந்து இவரைக் கூட்டிப் போனார்கள். இவர் அளவுக்கே அங்கி தைத்தார்கள். தினமும் விடிந்ததும் குளித்துவிட்டுப் போய், நகை பூட்டிக்கொண்டு, உச்சிவேளை வரை நிற்க வேண்டும். அங்கி கசங்கிவிடும் என்பதால் உட்காரக் கூடாது. காலணியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மகாராஜாவின் ஜோடு இவர் காலில் நுழையவில்லை. ஆகவே வெறுங்காலோடு நின்றார். ஓவியர் ஜோடுகளைத் தனியாக ஒரு முக்காலியில் வைத்துப் பார்த்து வரைந்தார். ஒரு மண்டலத்துக்குமேல் நின்றதாகச் சொல்வாராம். முடிந்ததும் அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு லாயத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

“நின்னது நான், பேரு அவருக்குன்னு சொல்லிச் சிரிப்பாரு. சின்ன வயசுல நாங்க நம்பினோம். வளர வளர எனக்கு வெக்கமாப் போச்சு. தெருவுல அவருக்கு உச்சிவேளை ராஜான்னு பட்டப்பேரு. என்னை உச்சிவேளை இளவரசன்னு கூப்பிடுவானுங்க.”

சமஸ்தானம் போய், அரண்மனை கைமாறி, தர்பார் படமும் கல்லூரிப் படமும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா சர்வேயரானார். அவருடைய நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் நிறைந்த சபையில் அப்பா அந்தக் கதையை ஆரம்பித்திருக்கிறார். சம்பந்தி வீட்டில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமாவுக்கு உடம்பு எரிந்தது. எல்லோர் முன்னாலும், “அப்பா, கல்லு இருந்தா காட்டுங்க. இல்லன்னா விட்டுடுங்க” என்றுவிட்டார்.

“அவரு கோவிச்சுக்கல. சிரிச்சாரு. அதுக்கப்புறம் பதினோரு வருசம் இருந்தாரும்மா. ஒரு நாள், ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கல. நானும் கேக்கல.”

அப்பாவின் இடது சுண்டு விரல், படத்துக்கு நிற்கும் முன்பே, குதிரையின் கடிவாளத்தில் சிக்கி முறிந்தது. வைத்தியன் கட்டிய கட்டில் கோணலாகக் கூடிவிட்டது. சாப்பிடும்போதும், வேட்டி கட்டும்போதும், பிள்ளையைத் தூக்கும்போதும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்குமாம். ஒரு போட்டோ எடுக்காமலேயே போய்ச் சேர்ந்த மனிதரின் விரலை, மகன் இத்தனை கடல் தாண்டி ஒரு பட்டறையில், ஒரு ராஜாவின் வாளில் கண்டார்.

நான் அன்று இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: அந்த அம்மாளிடம் பேசி வெட்டுவதைத் தடுப்பது. வெட்டினால் தலையும் தோளும் போக மிச்சம் எங்கள் கடையின் குப்பைத் தொட்டிக்குத்தான் வரும். சொல்லப்போனால், இந்தக் கதை இல்லாவிட்டாலும் எனக்கு அந்தக் கத்தியை எடுக்க மனம் வந்திருக்காது.

வியாழக்கிழமை அவர் வந்தபோது மாமாவும் இருந்தார். அறிமுகம் செய்துவைத்து, நானே எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவுக்கு ஆபீஸ் ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அன்று வரவில்லை. சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் எழுந்து படத்தருகே போனார். கைத்தடியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வெகுநேரம் விரலைப் பார்த்தார்.

“என் அப்பா சொல்வார், மகாராஜா அவர் தோளுக்குத்தான் வருவார் என்று. படத்தில் மட்டும் எப்படி இவ்வளவு உயரம் என்று கேட்டால், ராஜாக்கள் படத்தில் வளர்வார்கள் என்பார்.” சிரித்தார். “இந்த விரல் ராஜ நாசூக்கு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். நானும் என் அக்காவும் இதைப் பார்த்துத்தான் சுண்டு விரலை நீட்டி டீ குடிக்கப் பழகினோம். இன்றும் அப்படித்தான் குடிக்கிறேன்!”

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் கண்கள் நிறைந்துவிட்டதைப் பார்த்து அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவர் கையைப் பிடித்தார்.

“அப்படியானால் நான் இதை வெட்ட முடியாது” என்றார். “ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா, முழுதாக?” கேட்டுவிட்டு ராஜாவின் முகத்தைப் பார்த்தார். பிறந்த வீட்டை விட்டுக் கிளம்புகிறவர். கூட வருவதற்கு அவருக்கு இருந்தது அந்த ஒரு முகம்தான்.

மாமா அதைக் கவனித்துவிட்டார். என் பக்கம் திரும்பினார். “அவங்களுக்கு அவர் முகம் வேணும். எனக்கு எதுக்கு ராஜா முகம்? வெட்டிடச் சொல்லும்மா.”

“மாமா, இது பழைய படம். வெட்டறது பெரிய தப்பு.”

“ரெண்டு பேரையும் ஒண்ணா ஒட்டுனதே ஒரு பெயின்டர்தானே? நீ பிரிக்கிற. இதுல என்ன பாவம்? அவங்க ஆள அவங்க எடுத்துக்கட்டும். எங்க ஆள நான் கூட்டிட்டுப் போறேன்.”

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது முதலாளி கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மாள் மாமாவின் கையை விடவே இல்லை.

எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. மாமா டேப்பை வாங்கிப் பிடித்தார்; பழைய பழக்கம். தோளுக்குக் கீழே என்றால் முத்துமாலைகள் பாதியில் அறுபடும். மாலைகளையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அழகாக இருக்கிறது என்றார் அந்த அம்மாள். மாமா தலையை ஆட்டி மறுத்து, இந்த முறை ஆங்கிலத்திலேயே சொன்னார்: நகை ராஜாவுடையது, என் அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே கடைசி முத்துக்கு இரண்டு விரல் கீழே கோடு போட்டேன்.

கேன்வாஸைச் சட்டத்திலிருந்து விடுவித்துக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் வரைந்த கோட்டின்மேல் இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்தேன். என் பக்கத்தில் ஒருபுறம் அந்த அம்மாளும் ஒருபுறம் மாமாவும். கத்தி துணியில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். ராஜாவைப் பழைய தங்கச் சட்டத்தின் மரத்தைக் குறுக்கி அதிலேயே பொருத்தினேன். சின்னச் சட்டத்துக்குள் முகம் இன்னும் மிடுக்காக இருப்பதாக அந்த அம்மாள் சொன்னார். குடியிருப்பில் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டு எங்களை டீக்கு அழைத்தார். நானும் மாமாவும் போனோம். அவர் கோப்பையை எடுத்தபோது சுண்டு விரல் நீண்டது. மாமாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கீழ்ப்பாதியைப் புதிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி ஏவன்டேலுக்குக் கொண்டுவந்தேன். மார்பிலிருந்து ஜோடு வரை ஒரு மனிதர். வாடகை வீட்டின் ஹாலில் அது செய்த கூத்தைச் சொல்லி மாளாது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வந்து பார்த்து, “ஓம், நல்ல வடிவான படம்” என்று சொல்லிவிட்டு, மெதுவாக என் காதருகே, “தலையை எங்க விட்டனீங்கள்?” என்றார். அப்போது எட்டு வயதாக இருந்த என் மகளுக்கு ஆங்கிலம்தான் பேச்சு. வருகிறவர்களிடமெல்லாம், தலை ஹில்ஸ்பரோவில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது நாங்கள் வெஸ்ட்கேட்டில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மார்ட்கேஜ் தவணை கட்டுகிற வரை சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த அம்மாள் போய்விட்டார். மாமாவும் போய்விட்டார், போன குளிர்காலத்தில், அதிகம் கஷ்டப்படாமல். படம் மாடிப்படிக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. படிப்பதற்கு அங்கே உட்காருவது மகளுக்குப் பிடிக்கும். நான் துடைக்கும்போது அந்த விரலை மட்டும் துணியில்லாமல், கையால் துடைப்பேன்.

மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எத்தனையோ இருக்கிறது. ஆனால் படம் ஏவன்டேலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

அன்று மதியம் சாப்பாடு ஆன பிறகு என் கணவர் சுவரில் ட்ரில் போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அப்போது காலை. மாமாவின் அக்காவுக்கு எண்பத்துநாலு வயது. அப்பாவை அறிந்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். பேத்தி பிடித்துக்கொள்ள, வீடியோவில் வந்தார். மாமா போனை வாங்கி விரலருகே கொண்டுபோனார்.

“அக்கா, பாரு. அப்பா பொய் சொல்லலக்கா.”

“எனக்குத் தெரியும்டா தம்பி” என்றார் அந்தக் கிழவி. “நீதான் கல்லு கேட்ட.”

மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அதற்குள் ட்ரில் அதிர்வில், தரையில் நிறுத்தியிருந்த படம் சாயத் தொடங்கியது. அவர் ஓடிப்போய் அதன் பின்னால் நின்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். படத்தின் மேல்விளிம்புக்கு மேலே அவருடைய வெள்ளைச் சட்டைத் தோளும், கழுத்தும், நரைத்த தலையும் நின்றன. நான் போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தபடி நின்றேன். என் கணவர் ட்ரில்லை நிறுத்தினார்.

போனிலிருந்து, எண்பத்துநாலு வயதுக் குரல் அல்ல, ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

“அப்பா.”

மாமா அசையவில்லை.

“அப்பாவேதான். அதே நிலை, அதே நெத்தி. தம்பி, நகராதடா. அப்படியே நில்லு. நான் இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்.”

நிமிடங்கள் போயின. அங்கே அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். மாமாவுக்கு முழங்கால் வலி உண்டு, அரை மணி நேரம்கூட நிற்க மாட்டார். என் கணவர், “அப்பா, நான் பிடிச்சுக்கறேன், நீங்க உக்காருங்க” என்று பக்கத்தில் போனார்.

“வேணாம்பா” என்றார் மாமா, தலையைத் திருப்பாமல். “அவரு எத்தனை நாள் நின்னாரு. நான் இன்னிக்கு ஒரு நாள் நிக்கிறேன்.”